பழைய இரும்பு, புது ரப்பர்: அப்பாவின் புல்லட்டை மறுபடி ஓட வைப்பது

மாட்டுத்தொழுவத்தின் ஓரத்திலோ படிக்கட்டுக்கு அடியிலோ, கிழிந்த தார்ப்பாய் போர்த்தி, டயர் இரண்டும் சப்பி நிற்கும் அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. 350 சிசி, வார்ப்பிரும்பு என்ஜின், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். போர் (சிலிண்டர் துளை) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. இந்த வண்டியைச் சரிசெய்ய எல்லாவற்றையும் புதிதாக வாங்கக் கூடாது. எல்லாவற்றையும் ஆக்கர் (பழைய இரும்பு) கடையிலிருந்தும் எடுக்கக் கூடாது. வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் பழையதாக இருக்கட்டும். உராய்வது, உருள்வது, எண்ணெயைத் தடுப்பது எல்லாம் புதிதாக இருக்கட்டும். கீழே வரும் எல்லாமே இந்தக் கணக்கின் விரிவுதான்.

ஸ்பானருக்கு முன் ஆர்.சி. புத்தகம்

சேசிஸ் எண் வண்டியின் கழுத்தில் இருக்கும். என்ஜின் எண் இடது பக்க கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே. இரண்டையும் மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷும் கொண்டு துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள். கிரைண்டரோ எமரி பேப்பரோ அங்கே படவே கூடாது. உப்புக்காற்றில் அரித்த எழுத்து மேலும் தேய்ந்தால், வண்டி ஓடினாலும் ஆய்வில் நிற்காது. எழுத்து மங்கிவிட்டதே என்று நீங்களே பஞ்ச் அடித்தால் அது குற்றம். மங்கலாக இருக்கிறதென்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் வழியாகவே போக வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்கு; அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25, வண்டி ஆய்வு, பசுமை வரி. நாகர்கோவில் (டி.என். 74) அல்லது மார்த்தாண்டம் (டி.என். 75) அலுவலகத்தில், பழைய கைப்பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். ஏறாவிட்டால் அதை ஏற்றவே தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டிவரும். தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும் என்பதால், பெயின்டுக்குப் பணம் ஒதுக்கும் முன் அந்தத் தொகையைக் கேட்டுக்கொள்வது நல்லது. அப்பா காலமாகியிருந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் ஆகியவை வேண்டும். சட்டப்படி 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது என்பதற்காக ஒதுங்கி இருக்காதீர்கள். தாமதத்துக்கு உரியதைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். அக்கா தம்பியிடம் கையெழுத்து வாங்கும் வேலையை வண்டி பளபளப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

என்ஜின் எண் இருக்கும் கிராங்க்கேஸை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். வேறு என்ஜின் வைத்தால் அதன் பில், பழைய ஆர்.சி. நகல், அலுவலக ஒப்புதல் என்று இன்னொரு நடை தொடங்கும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: இடது, வலது கிராங்க்கேஸ் இரண்டும் ஜோடியாகச் சேர்த்துத்தான் பேரிங் துளை போடப்பட்டவை. உங்கள் வலது பாதி உடைந்திருந்தால், கடையில் கிடைக்கும் இன்னொரு வலது பாதி போல்ட்டில் சேரும். பேரிங் நேர்கோட்டில் சேராது. கிராங்க் இறுகும், மெயின் பேரிங் சீக்கிரம் போகும். நல்ல லேத்தில் இரண்டையும் சேர்த்து நேர்பார்க்காமல் அப்படி மாட்டக் கூடாது. அதைவிட, உடைந்த பாதியை அலுமினிய வெல்டிங் வைத்துக் காப்பாற்றுவதே பெரும்பாலும் மலிவு.

பிரிப்பது

முதல் வேலை என்ஜினைச் சுற்ற வைப்பது. கிக்கர் இறங்கவில்லை என்றால் அதன் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். கிக்கருக்கு உள்ளே பல்லைப் பிடிக்கும் கொக்கி உடையும், கியர்பாக்ஸ் மூடி விரியும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் சமமாகக் கலந்து 50 மி.லி. ஊற்றி நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கவும். அசையாவிட்டால் இன்னும் ஊற்றி, இன்னும் காத்திருக்க வேண்டும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையையும் ஐப்பசி மழையையும் பல ஆண்டு பார்த்து நின்ற சிலிண்டரில், ரிங் நின்ற இடத்தில் துருக்கோடு விழுந்திருக்கும். அது எப்படியும் போர் அடிக்க (உள்ளே கடைந்து துளையைப் பெரிதாக்க) வேண்டிய சிலிண்டர்தான், அவசரப்பட்டு எதையும் மிச்சம் பிடிக்கப் போவதில்லை.

நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் வேண்டும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு கலந்திருக்கும். கால் விட்வொர்த் தலை 13.3 மி.மீ.; 13 ஸ்பானர் ஏறாது, 14 வழுக்கி முனையை மழுக்கும். 3/16 விட்வொர்த் என்றால் 11.3 மி.மீ. இந்த இரண்டோடு 5/16-ம் சேர்த்து மூன்று விட்வொர்த் ரிங் ஸ்பானர் இருந்தாலே பாதி சண்டை தீர்ந்தது. மரையும் அப்படித்தான். ஓர் அங்குலத்துக்கு 26 மரை உள்ள போல்ட் துளையில் மெட்ரிக் போல்ட்டை முறுக்கினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுவிடும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த துளையிலேயே விரலால் திருப்பி வையுங்கள். முடியாததைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எந்த இடம் என்று எழுதுங்கள். வயரிங் முழுவதையும் வெட்டும் முன் படம் எடுங்கள். அப்பா டேங்கில் எழுதி வைத்த பெயரோ சாமி படமோ இருந்தால் அதையும் அளவோடு. பெயின்டர் அதைத் திருப்பி எழுத அளவு கேட்பார்.

டைமிங் மூடிக்குள் ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட் இடதுமரை. தெரியாமல் வழக்கமான திசையில் நீளக் குழாய் போட்டு இழுத்து, கிராங்க் முனையையே முறித்துவிடுவார்கள்.

ஆக்கர் கடையில் எதைப் பார்ப்பது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து இரும்புக் கடைகளில் புல்லட் பாகம் மொத்தமாகக் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் வரும். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் புல்லட் அதிகம், பாகமும் அதிகம். எங்கும் கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆனால் அங்கே கையில் பழைய பாகத்தோடு போக வேண்டும். வாயால் சொன்னால் வேறு மாடலைத் தருவார்கள். எண் பொறித்த எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்பது விலையைக் கேட்பதைவிட முக்கியம். மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி என்றால் அதன் பின்பாதியைத் தொடாதீர்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக ஸ்விங் ஆர்ம், பின் ரிம், ஷாக் அப்சார்பர், செயின் கவர் மேல் சொட்டியிருக்கும். வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும். குழாய் உள்ளிருந்து அரித்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அந்த இடத்தில் தகடு மெலிந்துவிட்டது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்ட வண்டியில் வேறு நோய்: பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் சிந்தி குரோமையும் அலுமினியத்தையும் சுட்டிருக்கும். ஆனால் அந்த வண்டிகளின் என்ஜின் உட்பாகம் பலமுறை நன்றாகவே இருக்கும், மெதுவாக ஓடியவை. 2021 நவம்பர் வெள்ளம் போன்றதில் மூழ்கிய வண்டியின் பாகம் என்றால் பேரிங் உட்காரும் இடங்களைப் பாருங்கள். அங்கே குழிக்குழியாகத் துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழையதாக வாங்கத் தகுந்தவை: ஹெட், சிலிண்டர், ஃப்ளைவீல், கியர், ஹப், ஃபோர்க் கிளாம்ப், ஹெட்லைட் அமரும் வார்ப்பு, மட்கார்டு, டூல்பாக்ஸ். இன்று புதிதாக வரும் மலிவு மட்கார்டைவிடப் பழையதின் தகடு கனம். ஒட்டுப்போட்டாவது பழையதை வைத்துக்கொள்ளலாம்.

சிலிண்டரில் எத்தனையாவது ஓவர்சைஸ் ஓடியிருக்கிறது என்று பிஸ்டன் தலையில் பாருங்கள். இருபது, நாற்பது (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) என்றால் இன்னும் ஆயுள் உண்டு. அறுபது முடிந்திருந்தால் ஸ்லீவ் போட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள். ஹெட்டில் பிளக் மரை, வால்வு சீட், பெண்டு பைப் (புகை போகும் வளைந்த குழாய்) ஏறும் வாய் மூன்றும் முக்கியம். சந்தேகமான வார்ப்பில் விரிசல் பார்க்க எளிய வழி: மண்ணெண்ணெயில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசி வெயிலில் வைக்கவும். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து கோடாகத் தெரியும்.

கியர்ப் பற்களைவிட அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் டாக் முனையைப் பாருங்கள். முனை கூராக, சதுரமாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விடும்போது கியர் தானாக வெளியே வரும். ஃபோர்க் குழாயைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு கண்ணுக்கே தெரியும். சீல் ஓடும் பகுதியில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் எண்ணெய் கசியும். மேக்னட் ரோட்டர் ஒரு ஸ்பானரை விடாமல் பிடிக்க வேண்டும். ரிம்மில் வெளிப் பளபளப்பு வேண்டாம். டியூப் பக்கத்தையும் நிப்பிள் துளை நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழையதாக ஒருபோதும் வாங்கக் கூடாதவை: பிரேக் ஷூ, எல்லா கேபிள், எல்லா சீல், எல்லா பேரிங், பெட்ரோல் குழாய், செயினும் ஸ்பிராக்கெட்டும் (மூன்றும் ஒன்றாகவே மாற வேண்டும்), கண்டென்சர், டயர், ஸ்போக்ஸ். சக்கர பேரிங்குக்கு அதன் மேல் உள்ள எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய வகையைக் கேளுங்கள். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஸ்போக்ஸ் ஸ்டெயின்லெஸ்தான். முட்டம், குளச்சல் காற்றில் சாதா ஸ்போக்ஸ் ஒரு மழைக்குள் பழுப்பேறும்.

டேங்கும் பெயின்டும்

டேங்க் உள்துருவுக்குக் கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 60 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து விளிம்பு வரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். 14 லிட்டர் டேங்குக்கு 850 கிராம் பிடிக்கும். துரு கனமாக இருந்தால் இரண்டாம் முறையும். வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, சுத்தத் தண்ணீரால் அலசி, அடுத்த நிமிடமே சூடான காற்று விட்டுக் காயவைத்து, 100 மி.லி. எண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். கழுவிய டேங்கை ஈரத்தோடு மதியம் வரை வைத்தால் சாயங்காலம் மறுபடி சிவப்பு. குடம்புளி கரைசல் ஊற்றுவது இங்கே பழைய வழக்கம். துரு போகும், ஆனால் புளியின் பிசுக்கு அடியில் தங்கி ஜெட்டை அடைக்கும். குளியலறைக்கு வாங்கும் ஆசிட் வேண்டவே வேண்டாம். துருவைத் தின்று முடித்ததும் தகட்டைத் தின்னும்.

சேசிஸை மணல் பிளாஸ்டிங் செய்யலாம். கார்னெட் தூள் நல்லது. மணவாளக்குறிச்சி மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் அதுவும் ஒன்று. கடற்கரை மணலை அப்படியே அள்ளிவந்து அடித்தால் உப்பையும் சேர்த்து இரும்பில் பதிக்கிறீர்கள். எண் உள்ள இடத்தையும் பேரிங் கிண்ணங்களையும் தடித்த டேப் ஒட்டி மறையுங்கள். கிராங்க்கேஸையும் ஹெட்டையும் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். எண்ணெய்த் துளையில் தங்கும் ஒரு சிட்டிகை மணல் போதும், புது பிக் எண்டை (கன்ரோடின் கீழ்முனை பேரிங்கை) நூறு கிலோமீட்டரில் முடித்துவிடும். டீசல், பிரஷ், பொறுமை, என்ஜினுக்கு அவ்வளவுதான்.

பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால் உப்பு ஈரம் தோலுக்கு அடியில் ஓடி, பெரிய தகடாகக் கழன்று வரும். குமரிக் கடற்கரைக்கு எபாக்சி பிரைமர், அதன் மேல் டூ-பேக் (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்ட் என்பதே பொருந்தும். பெயர்ந்த இடத்தை வீட்டிலேயே தொட்டுக்கொள்ளலாம். பெயின்ட் வேலையைத் தை, மாசியில் வையுங்கள். மழை நாளின் ஈரக்காற்றில் அடித்த பெயின்ட் பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும் ஊர்களில் தூசி வேறு.

என்ஜின்

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் 0.15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அடுத்த ஓவர்சைஸ். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்துத்தான் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். பிஸ்டனோடு வரும் தாளில் இடைவெளி அளவு இருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால் ஸ்கர்ட்டில் 0.075 மி.மீ. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள்: 0.25 முதல் 0.30 மி.மீ. குறைந்தால் சூட்டில் முனையோடு முனை முட்டிச் சிலிண்டரைக் கீறும்.

கன்ரோடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது டக் என்றால் பிக் எண்ட் போய்விட்டது. பக்கவாட்டு அசைவு சிறிது இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். புது பிக் எண்ட் பிரஸ் செய்தபின் கிராங்க் முனை இரண்டிலும் டயல் கேஜ் வைத்து, ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருப்பதை நின்று பார்த்து வாங்குங்கள். "சரியா இருக்கு சார்" என்பது அளவு ஆகாது.

இப்போது இந்த வண்டியைக் கொல்லும் பாகம். கிராங்க்குக்கு எண்ணெய் போகும் வழியில், டைமிங் மூடிக்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சிறு கார்க் சீல் இருக்கும். மூடிக்கும் சுற்றும் கிராங்க் முனைக்கும் நடுவே எண்ணெயைச் சிந்தாமல் கடத்துவது அதன் வேலை. பல ஆண்டு நின்ற வண்டியில் அது காய்ந்து வெடித்திருக்கும். அப்படியே மூடினால் பம்ப் வேலை செய்யும், ஹெட்டுக்கும் எண்ணெய் போகும், வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். பிக் எண்டுக்கு மட்டும் எண்ணெய் போகாது. புதிய சீலைச் சற்று எண்ணெயில் ஊறவைத்து, மூடியை நேராக, சாய்க்காமல் அழுத்துங்கள். மூடி கடைசி இரண்டு மி.மீ. ஸ்ப்ரிங்போல எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் படிந்தால் சீல் குட்டை, அல்லது மடிந்துவிட்டது. திரும்பக் கழற்றுங்கள்.

டைமிங் பினியன்களில் புள்ளி பார்த்துச் சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். டேப்பட் வைப்பதில்தான் (வால்வு ஆட்டத்தைச் சரிசெய்வதில்) தவறு நடக்கும். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் இருக்க வேண்டும். புஷ்ராடு இரண்டும் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சத்தம் கேட்கிறதென்று இறுக்கினால் சூட்டில் வால்வு மூடாது. எக்சாஸ்ட் வால்வு கருகி, கம்ப்ரஷன் போய்விடும். கொஞ்சம் டிக்டிக் கேட்பதே நல்லது.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இக்னிஷன் டைமிங், அட்வான்ஸ் வெயிட் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவே மெல்லிய சிகரெட் தாளைச் செருகி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். தாள் நழுவும் கணம்தான் திறக்கும் கணம். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். அதனால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங்.

கார்புரேட்டர் மிக்கார்ப் 24 என்றால் மெயின் ஜெட் 90, பைலட் 25, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே என்று தொடங்குங்கள். பழைய கார்புரேட்டரில் ஸ்லைடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் ஐடில் ஒருநாளும் நிற்காது, எத்தனை ஜெட் மாற்றினாலும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய், ஓ-ரிங், மிதவை ஊசி புதிதாக இருக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வயரிங்

பழைய ஹார்னஸை ஒட்டுப்போட வேண்டாம், மாதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெயின் வயர் 2.5 சதுர மி.மீ., விளக்குகளுக்கு 1.5, இண்டிகேட்டருக்கு 0.75; எல்லாம் பல இழை ஆட்டோ கேபிள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி புல்லட் நடுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே முறியும், தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் எந்த முனை என்பதைப் பழைய படத்தில் உறுதி செய்யாமல் பேட்டரியைச் சேர்க்காதீர்கள்.

புதுப்பித்த வண்டிகளில் விளக்கு மங்குவதும் ஹார்ன் அழுவதும் பெரும்பாலும் எர்த்தால் வருவது. புதுப் பெயின்ட் மின்சாரத்தை விடாது. ஹெட்லைட், ஹார்ன், பின் விளக்கு, ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலிருந்தும் தனி எர்த் வயர் இழுத்து, என்ஜினின் ஒரே போல்ட்டில் சேர்த்து, பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். உப்புக்காற்றில் பச்சை பூக்காது.

எண்ணெய், முதல் கிக், முதல் ஐநூறு கிலோமீட்டர்

என்ஜினுக்கு 20டபிள்யூ50 சுமார் இரண்டே கால் லிட்டர். பிரைமரி செயின் கவருக்கு 420 மி.லி. ஃபோர்க் ஒவ்வொரு காலுக்கும் 200 மி.லி. பிரைமரி செயினின் தளர்ச்சி, அதன் மிக இறுகிய இடத்தில் 6 மி.மீ. அந்தக் கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட். ஒழுகுகிறதென்று அதை வெறியோடு இறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும். சீலைப் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார வைத்து, அளவாக இறுக்குங்கள்.

பிளக்கைக் கழற்றி வைத்து, டிகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்து, நாற்பது ஐம்பது கிக் அடியுங்கள். ராக்கருக்குப் போகும் வெளிக் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி வைத்திருந்தால் அங்கே எண்ணெய் எட்டிப் பார்க்கும். அது எண்ணெயைத் திருப்பி அனுப்பும் பம்ப் வேலை செய்வதற்குச் சாட்சி மட்டுமே, பிக் எண்டுக்கு எண்ணெய் போவதற்கு அல்ல. ஸ்டார்ட் ஆன உடனே டைமிங் மூடியில் இருக்கும் ஃபீட் பிளக்கைத் தளர்த்தி, அங்கேயும் எண்ணெய் அழுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். கார்க் சீலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கிக் அடிக்கும் முறை இன்றைய வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புதிது. சாவி போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். அது கெட்டியாக எதிர்க்கும் இடத்தில் டிகம்ப்ரஷரைப் பிடித்து முள் நடுவுக்கு வரும்வரை சற்றே தள்ளி, விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை மிதியுங்கள். பாதியில் விட்டால் திருப்பி உதைக்கும், கணுக்கால் ஒரு மாதம் வீங்கும்.

ஓட்டும்போது வலது கால் கியர் என்பதை மனசு மறக்கும். அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதிப்பீர்கள். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. தெருவில் நூறுமுறை நின்று நின்று பழகாமல் மெயின் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு 50-ஐத் தாண்ட வேண்டாம். ஆரல்வாய்மொழி நேர்ச்சாலை வேண்டாம்: எதிர்காற்றில் ஒரே வேகத்தில் ஒரே சுமையில் ஓடும், புது ரிங் சூடேறிப் பிடிக்கும். தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் ஏற்ற இறக்கம் நல்லது, சுமை ஏறி இறங்கி ரிங் படியும். பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் ஹெட் நட்டும் என்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். இந்தச் சேசிஸில் என்ஜினும் சட்டத்தின் ஒரு பகுதி, மவுண்டிங் தளர்ந்தால் வண்டியே நெளியும். 300-இல் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த எண்ணெயைக் காந்தத்தோடு பாருங்கள். சாம்பல் பொடி இயல்பு, செதில் இயல்பல்ல.

வண்டியின் அடியில் இரவில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் இடது பக்கம் இரண்டு சொட்டு என்றால் பிரைமரி கவர், பொறுக்கலாம். பின் ஸ்பிராக்கெட்டுக்கு முன்னால் என்றால் கியர்பாக்ஸ் சீல், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொட்டும் இல்லாமல் அட்டை சுத்தமாக இருந்து, என்ஜின் எண்ணெய்த் தொட்டியில் அளவு மட்டும் குறைந்திருந்தால் அது கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டுத்தான் கிக் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவே புகையில் மறையும். வாரத்துக்கு ஒருமுறை இப்படி இறங்கினால் பம்ப் தட்டு அமரும் இடம் தேய்ந்திருக்கிறது. மிக நைசான கிரைண்டிங் பேஸ்ட் வைத்து, எட்டு வடிவில் தேய்த்து, பெட்ரோலில் இரண்டுமுறை கழுவி மாட்டுங்கள்.